ஸ்பீடு டெஸ்ட்டில் 97, பக்கம் திறக்க அரை நிமிடம்: நடுவில் நிற்பது யார்?

“லைட்டெல்லாம் நல்லாத்தான் வருது தம்பி. ரூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க.”

மதுரைப் பக்கம் வீட்டுக்கு ஃபைபர் இழுத்திருப்பவர்கள் இந்த வசனத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். ஒத்தக்கடையில் வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கும் ஒருவர் ‘நெட் ஸ்லோ’ என்று புகார் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேபிள்காரர் வருகிறார். ஃபைபர் முனையில் மீட்டரை மாட்டுகிறார். மைனஸ் 20 சொச்சம் காட்டுகிறது. வீட்டு ஃபைபருக்கு இது நல்ல சிக்னல். பிறகு தன் போனிலேயே ஸ்பீடு டெஸ்ட் போடுகிறார். 100 எம்பிபிஎஸ் பிளானில் 97 வருகிறது. “பாத்தீங்களா, ஃபுல் ஸ்பீடு” என்று கிளம்பிவிடுகிறார். அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் வங்கிப் பக்கம் மறுபடி சுற்ற ஆரம்பிக்கிறது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கேபிள்காரர் அளந்தது சரி. வாடிக்கையாளர் பட்ட அவதியும் உண்மை. கோளாறு இருப்பது இரண்டு பேர் கண்ணுக்கும் படாத இடத்தில்: இணைய நிறுவனத்தின் சர்வர் அறையில், வாடிக்கையாளருக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே வைக்கப்பட்டிருக்கும் பெட்டிகளில். அந்தப் பெட்டிகள் இருப்பதை எந்த பிளான் விளம்பரமும் சொல்வதில்லை. கஸ்டமர் கேரில் கேட்டாலும் பெரும்பாலும் ‘அப்படி ஒண்ணும் இல்ல சார்’தான். காசு வாங்கும் நிறுவனம் தன் குழாயில் எங்கெங்கே என்னென்ன வால்வு வைத்திருக்கிறது என்று சொல்ல வேண்டாமா?

ஊருக்கு ஒரே கடை

இந்தப் பெட்டிகளில் மூத்தது புராக்ஸி சர்வர். அதைப் புரிந்துகொள்ள ஒத்தக்கடை என்ற ஊர்ப் பெயரே போதும். ஊர் முழுக்க ஒரே கடையில்தான் சாமான் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளலாம். துவரம்பருப்புக்காக ஒவ்வொருவரும் கீழமாசி வீதி மொத்தக் கடைக்கு பஸ் ஏற வேண்டாம். கடைக்காரர் ஒருமுறை போய் மூட்டையாக வாங்கி வைத்துவிடுவார், எல்லோரும் அவரிடம் வாங்கிக்கொள்ளலாம். புராக்ஸி செய்வதும் இதுதான். ஒரு செய்தித் தளத்தின் முகப்புப் பக்கத்தை முதலில் ஒருவர் கேட்டதும் அது போய் எடுத்து வருகிறது, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அடுத்து கேட்கும் ஆயிரம் பேருக்கும் அந்த நகலிலிருந்தே கொடுக்கிறது.

பிரவுசர் செட்டிங்கில் முகவரி போட்டுப் பயன்படுத்துவது ஒரு வகை. கல்லூரி விடுதி, ஆபீஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும். இன்னொரு வகை கண்ணுக்குத் தெரியாதது. வாடிக்கையாளர் எந்த செட்டிங்கும் போடாமலேயே, வழியில் மறித்து அந்தப் பெட்டிக்குள் திருப்பிவிடுவார்கள். தளத்தோடு நேரடியாகப் பேசுவதாக பிரவுசர் நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்.

ஒரு காலத்தில் இந்தக் கடைக்காரர் பெரிய உதவி. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, டயல்-அப் மோடத்தில் ஒரு படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கும். ஒத்தக்கடையிலிருந்து திருச்சி சாலையில் கொஞ்ச தூரம் போனால் வரும் மேலூர் வட்டாரத்தில் 2001-ல் ‘சாரி’ என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐஐடி, ஹார்வர்டு, எம்ஐடி ஆகியவை கைகோத்து, கிராமங்களில் கம்பியில்லாத் தொழில்நுட்பம் மூலம் இணைய மையங்களை வைத்தன. கண் மருத்துவர்களிடமும் வேளாண் வல்லுநர்களிடமும் அங்கிருந்தே ஆலோசனை கேட்க முடிந்தது. அந்த இணைப்பின் வேகம் 35 கேபிபிஎஸ், நன்றாக இருந்தால் 70. 100 கேபி அளவுள்ள ஒரு படம் இறங்க 35-ல் கிட்டத்தட்ட 23 விநாடி பிடிக்கும். அப்படிப்பட்ட காலத்தில் பக்கத்திலேயே ஒரு நகல் கிடைத்தால் அது வரம்தான். நோக்கியா போனில் ஓபரா மினி வைத்திருந்தவர்களுக்கும் இது நினைவிருக்கும். அந்த பிரவுசரின் வேகமே ஒரு புராக்ஸிதான், பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பியது. கூகுள் குரோமிலும் இதே மாதிரி ஒரு ‘லைட் மோடு’ இருந்தது. தேவை குறைந்துவிட்டது என்று 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்.

கடைக்காரரின் நகல் வேலை குறைந்ததற்கு முக்கியக் காரணம் பூட்டு. பிரவுசர் முகவரிப் பட்டையில் தெரியும் அந்தச் சின்னப் பூட்டு, பக்கத்தை சீல் வைத்த கவராக மாற்றிவிடுகிறது. 2018 ஜூலையிலிருந்து பூட்டு இல்லாத எல்லாத் தளங்களையும் குரோம் ‘பாதுகாப்பற்றது’ என்று முத்திரை குத்தத் தொடங்கியது. இன்று மக்கள் பார்க்கும் தளங்களில் பெரும்பாலானவை பூட்டிய தளங்கள். கவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கடைக்காரர் நகல் எடுத்து வைக்க முடியாது.

அப்படியானால் கடையைக் காலி செய்திருக்க வேண்டும். காலி செய்யவில்லை. வேறு வேலைகளை எடுத்துக்கொண்டது.

கடைக்காரரின் புது வேலைகள்

கடைக்காரர் பொட்டலத்துக்குள் தன் நோட்டீஸைச் செருகிய கதையை முதலில் சொல்ல வேண்டும். 2015 ஜூனில் பெங்களூருவைச் சேர்ந்த ஒரு புரோகிராமர், தன் சொந்த இணையதளத்தை ஏர்டெல் 3ஜி-யில் திறந்தபோது, தான் எழுதாத நிரல் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு வருவதைக் கவனித்தார். ஆதாரத்தைப் பொதுவில் போட்டார். அந்த நிரலுக்குச் சொந்தமான இஸ்ரேலிய நிறுவனமான ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் அவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. வாடிக்கையாளர்கள் தங்கள் டேட்டா பயன்பாட்டைத் தெரிந்துகொள்ள உதவும் ஏற்பாடு அது என்று ஏர்டெல் விளக்கம் கொடுத்தது. நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். வழியில் ஒரு பெட்டி உட்கார்ந்து பக்கத்தைத் திறந்து திருத்தி அனுப்புகிறது என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராமர் தேவைப்பட்டார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது தடுக்கும் வேலை. 2012-ல் தனுஷ் நடித்த ‘3’ படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற முழுத் தளங்களையே அடைத்துவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று அந்த ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2014 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை 32 முகவரிகளைத் தடுக்கச் சொன்னபோது, புரோகிராமர்களின் அன்றாடக் கருவியான கிட்ஹப்பும் அந்தப் பட்டியலில் போய் விழுந்தது. எது தடை, எது தடை இல்லை என்று ஒவ்வொரு வேண்டுகோளையும் பார்த்துத் தரம்பிரிக்கும் பெட்டிகள் இதற்காக வந்தவை. டெல்லி ஐஐஐடி ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, பெரிய நிறுவனங்கள் பல இப்படிப் பெட்டிகளை நடுவில் வைத்திருப்பதைச் சோதனை மூலம் காட்டியது. பூட்டிய தளங்களிலும் கவரின் மேல் எழுதியிருக்கும் தளத்தின் பெயரை மட்டும் படித்து ஜியோ தடுக்கிறது என்று 2019-ல் பெங்களூருவின் இணையம் மற்றும் சமூக மையம் கண்டறிந்தது. சட்டப்படியான தடை சட்டப்படியானதுதான், அதில் இங்கே வாதம் இல்லை. ஆனால் எல்லாக் கவரின் மேல்விலாசத்தையும் நின்று படிக்கும் ஒரு பெட்டிக்கு ராத்திரி 9 மணிக்கு மூச்சு முட்டினால், அதன் விலையைத் தடை செய்யப்படாத தளத்தைப் பார்ப்பவரும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

மூன்றாவது, முகவரிப் பங்கீடு. இது புராக்ஸி இல்லை, ஆனால் பங்காளி. பழைய இணைய முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதனால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுக்கின்றன. ஒரு காம்பவுண்டில் 200 வீடு, வாசலில் ஒரே ஒரு கதவு எண் என்கிற மாதிரி. ஒரு வீட்டில் யாரோ போக்கிரித்தனம் செய்தால் காம்பவுண்டு முழுக்கச் சந்தேகம் வரும். கூகுளில் சாதாரணமாக ஒன்றைத் தேடினாலே ‘நீங்கள் ரோபோவா’ என்று கேட்டு டிராஃபிக் சிக்னல் படங்களை எண்ணச் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். ஒரு முகவரியில் ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய இணைப்புகளுக்கும் ஓர் எல்லை உண்டு. நிறுவனம் கஞ்சத்தனமாக ஒதுக்கினால் மாலையில் பக்கத்தின் பாதிப் படங்கள் வரும், மீதி வராது.

பிறகு டிஎன்எஸ் என்கிற பெயர்ப் பதிவேடு. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் சர்வர் அது. ரூட்டரில் யாரும் எதையும் மாற்றாவிட்டால் நிறுவனத்தின் சொந்தப் பதிவேட்டைத்தான் எல்லாச் சாதனமும் கேட்கும். ஒரு செய்திப் பக்கம் திறக்க விளம்பரம், எழுத்துரு, வீடியோ என்று 20, 30 வெவ்வேறு பெயர்களைக் கேட்க வேண்டியிருக்கும். அந்தப் பதிவேடு ஒவ்வொன்றுக்கும் யோசித்துச் சொன்னால் பக்கம் அசையாது.

யூடியூப் மட்டும் ஏன் பறக்கிறது?

“யூடியூப்ல 4கே ஓடுது, ஆபீஸ் சைட் மட்டும் திறக்கல. அப்ப ஆபீஸ் சைட்லதான கோளாறு?” என்று கேட்பவர்கள் அதிகம். நியாயமான கேள்வி. ஆனால் யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை தங்கள் சொந்த சர்வர்களை இணைய நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கின்றன. அந்த வீடியோ ஊரை விட்டே வெளியே போகாமல் வருவதாகக்கூட இருக்கலாம். பழைய புராக்ஸி செய்த அதே நகல் வேலைதான் இது, ஆனால் தளத்துக்காரரே முறையாக வைத்த கிளைக் கடை என்பதால் சீலும் உடையாது, சரக்கும் பழசாகாது.

ஸ்பீடு டெஸ்ட்டும் இதே கதைதான். டெஸ்ட் ஆப் தானாகவே பக்கத்தில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும். பல நேரம் அது அதே நிறுவனம் தன் நெட்வொர்க்குக்குள் வைத்திருக்கும் சர்வராகவே இருக்கும். வீட்டு வாசலிலிருந்து நிறுவனத்தின் வாசல் வரை சாலை எவ்வளவு அகலம் என்று அது சொல்கிறது. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஒத்தக்கடையிலிருந்து மேலூர் போகும் நான்குவழிச் சாலையை எடுத்துக்கொண்டால், வழியில் சிட்டம்பட்டி டோல்கேட் இருக்கிறது. சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் டோல்கேட்டில் ஒரே ஒரு கவுண்டர் திறந்திருந்தால் வண்டி நிற்கத்தான் செய்யும். எம்பிபிஎஸ் என்பது சாலையின் அகலம். டோல்கேட்டில் நிற்கும் நேரத்துக்குப் பெயர் லேட்டன்சி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை கடலடி கேபிள் சுமார் 3,000 கிலோமீட்டர். ஒளி அதில் போய்வரவே ஏறத்தாழ 30 மில்லிசெகண்ட் ஆகும். அதைக் குறைக்க யாராலும் முடியாது. ஆனால் நடுப் பெட்டி ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் இன்னொரு 200 மில்லிசெகண்ட் சேர்த்தால், பெயர் கேட்பது, இணைப்புப் போடுவது, பூட்டுச் சாவி மாற்றுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வேலைகளில் அது அடுக்கடுக்காக ஏறும். ஒரு பெரிய வீடியோ கோப்புக்கு ஒருமுறை டோல்கேட்டைத் தாண்டினால் போதும். வங்கிப் பக்கம் மாதிரி நூறு துண்டுகளால் ஆன பக்கத்துக்குத் திரும்பத் திரும்பத் தாண்ட வேண்டியிருக்கும். அதனால்தான் டவுன்லோடு வேகமாக இருந்தும் பிரவுசிங் தவழ்கிறது.

வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் பழியைத் தன் வீட்டிலிருந்து கழற்ற வேண்டும். வைஃபையில் மெதுவாக இருக்கும் அதே பக்கத்தை, அதே நிமிடத்தில், அதே போனில் மொபைல் டேட்டாவில் திறந்து பார்ப்பதுதான் மிக எளிய சோதனை. டேட்டாவிலும் தவழ்ந்தால் அந்தத் தளமே திணறுகிறது என்று பொருள். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தின் கடைசி நாளிலும், காலை 10 மணி தட்கல் நேரத்து ஐஆர்சிடிசி-யிலும் இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. டேட்டாவில் பறந்து வைஃபையில் மட்டும் தவழ்ந்தால், லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாக ரூட்டரில் செருகிப் பார்க்க வேண்டும். அதில் சரியாகிவிட்டால் கோளாறு வைஃபையில்தான். ரூட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்தாலே பாதி தீரும். ஆபீஸ் லேப்டாப்பாக இருந்தால் ஆபீஸ் விபிஎன்-னும் அதற்குள் இருக்கும் ஆபீஸ் புராக்ஸியும் முதல் சந்தேக நபர்கள். விண்டோஸ் செட்டிங்கில் ‘புராக்ஸி’ பக்கத்தில் எப்போதோ போட்ட பழைய முகவரி ஒட்டிக்கொண்டிருப்பதும் நடக்கும். சொந்த லேப்டாப்பில் அது காலியாக இருக்க வேண்டும்.

கேபிளிலும் தவழ்கிறது, வேறு லேப்டாப்பிலும் தவழ்கிறது என்றால் இனி நடுவழிதான். ஸ்பீடு டெஸ்ட் ஆப்பில் சர்வரைக் கையால் மாற்றி, வேறு நிறுவனம் மும்பையிலோ சிங்கப்பூரிலோ வைத்திருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்டலாம். உள்ளூர் சர்வரில் 97, வெளி சர்வரில் 8 என்று வந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட் பத்திரம். காலை 6 மணிக்கு ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. நெரிசலா, நிரந்தரக் கோளாறா என்று அதில் தெரிந்துவிடும்.

லேப்டாப் குரோமில் எஃப்12 அழுத்தினால் வரும் ‘நெட்வொர்க்’ பகுதி, கேபிள்காரரின் மீட்டரை விட அதிகம் பேசும். பக்கத்தை ரீலோடு செய்து, நேரம் அதிகம் தின்ற வரியைக் கிளிக் செய்தால் எந்தக் கட்டத்தில் எத்தனை மில்லிசெகண்ட் போனது என்று பிரித்துக் காட்டும். பெயர் தேடும் கட்டத்தில் நேரம் போனால் டிஎன்எஸ். இணைப்புப் போடும் கட்டத்தில் போனால் வழி, அல்லது வழியில் நிற்கும் பெட்டி. சர்வர் பதிலுக்காகக் காத்திருக்கும் கட்டத்தில் மட்டும் போய், மொபைல் டேட்டாவிலும் அதேபோல் இருந்தால், தளத்தின் தவறு.

டிஎன்எஸ்-தான் என்றால் மருந்து சுலபம். ரூட்டரிலோ போனிலோ 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம். முதலாவது கூகுளுடையது, இரண்டாவது கிளவுட்ஃபிளேருடையது, இரண்டும் இலவசம். ‘டிஎன்எஸ் மாத்துனா நெட் டபுள் ஸ்பீடு’ என்று ரீல்ஸ் போடுபவர்களை மட்டும் நம்ப வேண்டாம். வெளிப் பதிவேட்டுக்கு மாறினால் சில வீடியோ தளங்கள் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் தூரத்துக் கிளைக் கடைக்கு அனுப்பிவிடும், வேகம் குறையவும் செய்யலாம். இரண்டு நாள் வைத்துப் பார்த்து, தேறவில்லை என்றால் பழையபடி மாற்றிவிடலாம்.

முகவரிப் பங்கீட்டைக் கண்டுபிடிப்பதும் எளிது. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ‘வான்’ முகவரி என்று ஓர் எண் இருக்கும். கூகுளில் ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் வரும் தளங்கள் ஓர் எண் காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தனிக் கதவு எண். ரூட்டரில் 100.64-இலிருந்து 100.127 வரையிலான எண்களில் ஒன்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், காம்பவுண்டு வீடுதான். இதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண் வரிசை அது. புதிய வகை முகவரியான ஐபிவி6 ரூட்டரில் அணைந்து கிடந்தால் அதை இயக்கிப் பார்ப்பது பலன் தரும். ஐபிவி6-ல் வரும் தளங்களுக்கு அந்த ஒற்றை வாசல் நெரிசல் கிடையாது.

சில தளங்கள் மட்டும் பாதி வந்து அப்படியே உறைந்துபோனால் சந்தேகப்பட வேண்டியது பொட்டலத்தின் அளவை. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு ரூட்டரில் இணையும் இணைப்புகளில் ஒரு பொட்டலம் 1500 பைட்டுக்குப் பதில் 1492 பைட்தான் இருக்க முடியும். வழியில் உள்ள பெட்டி இதைச் சரியாக அறிவிக்காவிட்டால் பெரிய பொட்டலங்கள் சத்தமில்லாமல் காணாமல்போகும். ரூட்டரில் ‘எம்டியு’ என்ற இடத்தில் 1492 என்று போட்டால் சரியாகும் கோளாறு இது. இதற்காக மாதக்கணக்கில் அவதிப்படுபவர்கள் உண்டு.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் கடைசிச் சோதனை: நம்பகமான ஒரு விபிஎன்-ஐப் பத்து நிமிடம் போட்டு அதே பக்கத்தைத் திறப்பது. விபிஎன் என்பது சுற்றுவழி, நியாயப்படி வேகம் குறைய வேண்டும். சுற்றிப் போயும் சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்றால் நேர்வழியில் ஏதோ மறிக்கிறது. நடுப் பெட்டியின் மேல் இதைவிட வலுவான சாட்சியம் வீட்டிலிருந்து கிடைக்காது. அதற்காக எப்போதும் விபிஎன்-லேயே இருப்பது தீர்வாகாது. காசு கொடுத்து வாங்கிய சாலையை விட்டுவிட்டு இன்னொருவருக்குக் காசு கொடுத்துச் சந்து வழியாகப் போகிற கதை அது. இலவச விபிஎன் என்றால் அந்தச் சந்தில் இன்னொரு கடைக்காரர் உட்கார்ந்திருப்பார்.

யார் சொல்ல வேண்டும்?

இத்தனை சோதனையும் ஒரு ஐடி ஊழியர் செய்துவிடுவார். ஒத்தக்கடை பக்கத்திலேயே இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையின் காணொளி விசாரணைக்காக வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கும் வழக்கறிஞரோ, வேளாண் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் பிளஸ் டூ மாணவியோ எஃப்12 அழுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். உள்ளூர் கேபிள்காரரைத் திட்டுவதும் நியாயமில்லை. அவர் கையில் இருப்பது கடைசி ஒரு கிலோமீட்டர் கம்பி மட்டும். சென்னையில் உள்ள பெட்டியை அவரால் தொடக்கூட முடியாது. ஏச்சு வாங்குபவர் மட்டும் அவர்.

நிறுவனங்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. முகவரிகள் தீர்ந்தது அவர்கள் குற்றமில்லை. தடை உத்தரவை மீறினால் உரிமம் போய்விடும். நடுவில் பெட்டியே இருக்கக் கூடாது என்று கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது. இருக்கிறது என்று சொல்லலாம் அல்லவா? இந்த பிளானில் பொது முகவரி தனியா, பங்கா, டிஎன்எஸ் வேண்டுகோள்களை மறிக்கிறோமா, ஐபிவி6 உண்டா, கூட்ட நேரத்தில் வெளி நெட்வொர்க்கை எட்ட எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது. நான்கே வரி. பிஸ்கட் பாக்கெட்டில் எவ்வளவு சர்க்கரை என்று அச்சிடும் நாட்டில், மாதாமாதம் வாங்கும் இணைப்பின் உள்ளடக்கத்தை அச்சிடுவது கஷ்டமான காரியமில்லை.

விதியில் இதற்கு இடமும் இருக்கிறது. தளங்களைப் பாரபட்சமாகத் தடுப்பதையும் வேகம் குறைப்பதையும் தடை செய்த இணையச் சமநிலைக் கொள்கையை, டிராய் பரிந்துரைப்படி மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்றது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்த நிறுவனம் ஏதாவது செய்தால் அது தேவைக்கு ஏற்ற அளவில், தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்தக் கடைசிச் சொல்தான் காகிதத்திலேயே தங்கிவிட்டது. அரசின் இலக்கணமும் இன்னும் சாலையின் அகலத்தில்தான் நிற்கிறது: 2023 ஜனவரியில் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்-இலிருந்து 2 எம்பிபிஎஸ்-ஆக உயர்த்தினார்கள். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராயின் சேவைத் தர விதிமுறைகள் லேட்டன்சியையும் கணக்கில் எடுக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் வாடிக்கையாளர் பார்ப்பது முழு நிறுவனத்தின் சராசரியை. தன் தெருவில் இரவு 9 மணிக்கு என்ன நடக்கிறது என்பது அந்தச் சராசரிக்குள் தெரியாது.

அதுவரை புகார்தான் வழி, அதையும் முறையாகச் செய்ய வேண்டும். ‘நெட் ஸ்லோ’ என்று சொன்னால் ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகாரை மூடிவிடுவார்கள். “உள்ளூர் சர்வரில் இவ்வளவு, வெளி சர்வரில் இவ்வளவு, லேன் கேபிளில் சோதித்தது, விபிஎன் போட்டால் சரியாகிறது, என் இணைப்பு பங்கு முகவரியில் இருக்கிறதா, டிஎன்எஸ் மறிக்கப்படுகிறதா என்று எழுத்தில் தெரிவிக்கவும்” என்று நாள், நேரம், ஸ்கிரீன்ஷாட்டுடன் மெயிலில் எழுதினால் புகார் முதல்நிலை கஸ்டமர் கேரைத் தாண்டும். டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. டிராயின் 2012 விதிப்படி 39 நாளில் அங்கே முடிவு சொல்ல வேண்டும்.

அங்கும் கதவு சாத்தப்பட்டால் நுகர்வோர் ஆணையம். தொலைபேசிச் சண்டையெல்லாம் நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று 2009-ல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி நிறுவனங்கள் வெகுகாலம் தப்பித்துவந்தன. தனியார் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. எந்த பிராட்பேண்ட் சந்தாவும் அந்த வரம்புக்குள்தான் வரும். புகாரை ஆன்லைனிலேயே பதியலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழிகாட்டுதல் கேட்கலாம். அந்தப் பக்கம் திறக்க நேரமானால் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்வது நல்லது.